பேச்சு, கேட்டலியல் இளநிலைப் பட்டம்: சேர்வதற்கு முன்பிருந்து பதிவு எண் வாங்கும் வரை

பேச்சு, மொழி, கேட்டல், விழுங்குதல் ஆகியவற்றில் ஏற்படும் குறைபாடுகளைக் கண்டறிந்து பயிற்சி அளிக்கும் துறைக்கு இந்தியாவில் உள்ள இளநிலைப் பட்டம் பி.ஏ.எஸ்.எல்.பி. என்று அழைக்கப்படுகிறது. அதைப் படித்து முடித்து மதுரையில் பணிபுரியும் நான், கிளினிக் பயிற்சிக்கு வரும் மாணவர்களைச் சில ஆண்டுகளாக மேற்பார்வை செய்துவருகிறேன். அவர்கள் தடுமாறும் இடங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. பாடம் கடினமாக இருப்பதைவிட, முன்னால் செய்திருக்க வேண்டியதைப் பின்னுக்குத் தள்ளியதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. ஆகவே எதை எதற்குப் பின் செய்ய வேண்டும், ஏன் அந்த வரிசை என்பதையே இங்கே எழுதுகிறேன்.

1. படிப்பின் பெயரைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

பி.ஏ.எஸ்.எல்.பி. நான்கு ஆண்டுப் பட்டம். முதல் மூன்று ஆண்டுகள் ஆறு பருவங்களாகப் பாடமும் கிளினிக்கும் சேர்ந்து நடக்கும். நான்காம் ஆண்டு முழுவதும் உள்ளகப் பயிற்சி. இதே துறையில் ஓராண்டு டிப்ளமோ ஒன்றும் இருக்கிறது. அதை முடித்தவர் பட்டம் பெற்றவரின் மேற்பார்வையில் உதவியாளராகப் பணியாற்றலாமே தவிர, தனியாக நோய்க்குறி முடிவு எழுத முடியாது. செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்வி பி.எட். என்பது ஆசிரியர் பயிற்சி. அது வேறு தொழில். இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணி, "ஓராண்டில் முடிந்துவிடுமாமே" என்று டிப்ளமோவில் சேர்ந்துவிட்டுப் பிறகு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க வழிகாட்டிகளும் ஒரு குழப்பத்தைக் கொண்டுவருகின்றன. அங்கே இத்துறையின் இளநிலைப் பட்டம் முதுநிலைக்கான வாசல்படி மட்டுமே. பேச்சுப் பயிற்சியாளராக முதுநிலையும், 400 மணி நேரக் கிளினிக் அனுபவமும், தேர்வும், மேற்பார்வைப் பணிக்காலமும் தேவைப்படும். கேட்டலியலாளராக முனைவர் நிலைத் தொழிற்பட்டம் வேண்டும். இந்தியாவிலோ, இத்துறைப் படிப்புகளுக்கு ஒப்புதலும் பட்டதாரிகளுக்குப் பதிவும் தரும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்துகொண்ட இளநிலைப் பட்டதாரி தனியாகவே தொழில் செய்யலாம். எனவே அமெரிக்கக் குறிப்பைப் படித்துவிட்டு "இந்தப் பட்டத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது" என்று முடிவுகட்டுவதும் தவறு; இங்கே படித்த இளநிலையை வைத்துக்கொண்டு அங்கே நேராக வேலைக்குப் போகலாம் என்று நம்புவதும் தவறு.

2. பணம் கட்டும் முன் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்

மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திலோ, பெரிய மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ, தனியார் பயிற்சி மையத்திலோ முறையாக அனுமதி கேட்டு, ஒரு முழு முற்பகல் ஓரமாக அமர்ந்து பார்க்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தத் தொழிலின் வேகம் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. மூன்று வயதுப் பிள்ளை "தா" என்று கையை நீட்டிக் கேட்பதற்காக ஒருவர் நாற்பது நிமிடம் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒரே பந்தை உருட்டிக்கொண்டிருப்பார். அந்தக் காட்சி உங்களுக்குச் சலிப்பைத் தந்தால், அதை அன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது. மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் போதவில்லை, பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது மருத்துவமனை சார்ந்த பட்டம் இருக்கட்டும் என்று சேர்ந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் படும் பாடு கொஞ்சமன்று.

பார்க்கும்போது கைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள். பிள்ளையைப் படம் எடுப்பது, பெற்றோரிடம் தனியாகக் கேள்வி கேட்பது இரண்டும் கூடாது.

3. அங்கீகாரம், தகுதி, சான்றிதழ்

கல்லூரியின் பெயரைவிட முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்புக்கு நீங்கள் சேரும் ஆண்டில் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்பதுதான். ஒப்புதல் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கென்று வழங்கப்படுவது. முன்பு இருந்தது இப்போது இல்லாமல் இருக்கலாம். மன்றத்தின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் நீங்களே பார்க்க வேண்டும். சேர்க்கை அலுவலகத்தில் காட்டும் சட்டமிட்ட கடிதத்தை மட்டும் நம்பக் கூடாது. 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வு மன்றச் சட்டப்படி, பதிவு இல்லாமல் இத்தொழில் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒப்புதல் இல்லாத இடத்தில் படித்தால் அந்தப் பதிவு கிடைக்காது. நான்கு ஆண்டும் வீண்.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் உயிரியல், கணிதம், கணினி அறிவியல், உளவியல் போன்றவற்றுள் ஒன்றைப் படித்திருந்தால் மன்றத்தின் விதிப்படி தகுதி உண்டு. ஆனால் சில இடங்களில் உயிரியல் கட்டாயம் என்பார்கள். ஆகவே அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைப் படிக்காமல் விண்ணப்பிக்க வேண்டாம்.

மதுரைப் பிள்ளைகளுக்கு முன்னால் இருக்கும் வழிகள் இவை. தமிழக அரசின் துணை மருத்துவப் பட்டப்படிப்புக் கலந்தாய்வில் இந்தப் படிப்பும் இடம்பெறுகிறது. மைசூரில் 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸ் மதுரை வழியாகவே செல்வதால் ஊருக்கு வந்துபோவது நினைக்கும் அளவுக்குச் சிரமமில்லை. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் உள்ளது. போரூரிலும் வேலூரிலும் புகழ்பெற்ற தனியார் நிறுவனங்கள் உள்ளன. ஒன்றை மட்டும் நம்பி மற்றவற்றின் கடைசித் தேதியைத் தவறவிடுவதுதான் இங்கே வழக்கமான பிழை. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு மாவட்டம் முழுவதும் அங்கே வரிசையில் நிற்கும்.

4. முதல் பருவத்திலேயே ஒலியின் இயற்பியலை முடித்துவிடுங்கள்

முதல் பருவத்தில் உடற்கூறும் மொழியியலும் உளவியலும் ஒலியியலும் மின்னணுவியலும் ஒன்றாக வந்து விழும். பெரும்பாலோர் உடற்கூறைப் பிடித்துக்கொண்டு ஒலியியலைத் தேர்வுக்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். உடற்கூறைப் பின்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் படிக்கலாம். டெசிபல் புரியாதவரோ மூன்றாம் பருவத்தில் கேட்டல் சோதனை அறைக்குள் நுழைந்ததும் திகைத்து நிற்பார்.

டெசிபல் என்பது மீட்டர், கிலோ போன்ற அளவு அன்று, ஓர் ஒப்பீடு. ஒலியழுத்தம் இருமடங்கானால் 6 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 20 டெசிபல் கூடும். தலா 90 டெசிபல் இரைச்சல் தரும் இரண்டு விசைத்தறிகள் சேர்ந்தால் 180 ஆகாது, 93தான் ஆகும்; அங்கே இருமடங்காவது ஒலியின் ஆற்றல், அழுத்தம் அன்று. இதை மனத்தில் பதிய வைக்க நான் மாணவர்களிடம் அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்தைக் கற்பனை செய்யச் சொல்வதுண்டு: ஒரு தறியிலிருந்து இரண்டு தறியானால் காதுக்கு அவ்வளவு வேறுபாடு தெரியாது, ஆனால் பத்து ஆண்டு அங்கே நின்றவரின் கேட்டல் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் விழுந்திருக்கும். அதேபோல் பூஜ்ஜியம் டெசிபல் என்றால் ஒலியே இல்லை என்று எழுதாதீர்கள். இளம் வயதினரின் நலமான காது மட்டுமட்டாகக் கேட்கும் அளவுதான் கேட்டல் சோதனைக் கருவியில் பூஜ்ஜியம்.

உடற்கூறில் மனப்பாடத்தைக் குறைத்து, ஒவ்வோர் உறுப்புக்கும் "இது கெட்டால் என்ன ஆகும்" என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். குரல்வளைக்குத் திரும்பி ஏறும் நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டிச் செல்கிறது. ஆகவே தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் குரல் கம்மிப்போனவர் வந்தால் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பது தானாகவே தெரியும். மூளை நரம்புகளில் 5, 7, 8, 9, 10, 12 ஆகிய எண்களுக்குரியவை உங்கள் அன்றாடப் பிழைப்பு. மற்றவற்றைத் தேர்வுக்காகப் படித்தால் போதும்.

5. எழுத்தை மறந்து ஒலியை எழுதப் பழகுங்கள்

இந்தப் படிப்பில் நான் மிக முக்கியமாகக் கருதுவதும், புதியவர்கள் மிக அதிகமாக அலட்சியம் செய்வதும் இந்தப் படிதான். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன; அவற்றில் வரும் எடுத்துக்காட்டுகள் ஆங்கிலப் பிள்ளைகளுடையவை. உங்கள் முன்னால் வந்து உட்காரப்போகும் பிள்ளையோ மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ அம்மாச்சி இடுப்பில் வரும். அதன் பேச்சைக் கேட்டு எழுதும் காது முதல் பருவத்திலிருந்தே பழக வேண்டும்.

பள்ளியில் படித்த வல்லினம், மெல்லினம், இடையினம் இங்கே கைகொடுக்கும். வல்லினம் காற்றை அடைத்துத் திறக்கும் ஒலிகள். மெல்லினம் மூக்கு வழியே வருபவை. ஆனால் அத்தோடு நின்றுவிட்டால் சிக்கல். தமிழில் ஓர் எழுத்து இடத்துக்கு ஏற்பப் பல ஒலிகளைக் குறிக்கிறது. கல், தங்கம், பகல் ஆகிய மூன்றிலும் இருப்பது ஒரே "க". வாயில் வருவதோ மூன்று ஒலிகள். சட்டை, பச்சை, மஞ்சள் ஆகியவற்றில் "ச" அப்படியே மாறுகிறது. பிள்ளை சொன்னதைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு வரும் மாணவர், பிள்ளை எதைச் சொன்னது என்பதையே இழந்துவிடுகிறார். ஆகவே பன்னாட்டு ஒலிக்குறி எழுத்துகளை (ஐ.பி.ஏ.) முதல் மாதத்திலேயே கற்று, நாள்தோறும் பத்து வரி எழுதிப் பாருங்கள். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் நடத்துநர் ஊர்ப்பெயர்களைக் கூவுவதை எழுதிப் பழகியவர் ஒருவர் எங்கள் வகுப்பில் இருந்தார். எங்கள் எல்லோரையும்விட அவருடைய காது கூர்மையாக இருந்தது.

அடுத்தது, வட்டார வழக்கைக் குறைபாடு என்று எழுதிவிடும் பிழை. மதுரைப் பக்கத்தில் "வாளப்பளம்" என்பவர் ஏராளம். பிள்ளையின் அப்பாவும் அப்பத்தாவும் "பளம்" என்றே சொல்லும் வீட்டில், பிள்ளை ழகரத்தை ளகரமாகச் சொல்வது வழக்கே தவிரக் குறைபாடு ஆகாது. அவ்வாறே பேச்சுத் தமிழில் "மரம்", "அவன்" போன்றவற்றின் ஈற்று மெய் மறைந்து முந்தைய உயிர் மூக்கொலியாகும். "அவள்" என்பது "அவ" ஆகும். ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் "ஈற்று மெய் கெடுதல்" என்று குறித்து, நலமான நான்கு வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதப் பயிற்சி பரிந்துரைத்த அறிக்கையை நான் திருத்தியிருக்கிறேன். இதற்கு மாறாக, "காக்கா" என்பதைத் "தாத்தா" என்றும், "மரம்" என்பதை "மயம்" என்றும் சொல்வது எந்த வட்டாரத்துக்கும் உரியதன்று. சிறு வயதில் இயல்பாக வந்து போக வேண்டியது, போகாமல் நின்றால் கவனிக்க வேண்டியது. விதி எளியது: பிள்ளையின் ஒலியை எழுதும் முன் உடன் வந்தவரின் ஒலியை எழுதுங்கள்.

மதுரையில் சௌராஷ்டிர மொழி பேசும் குடும்பங்கள் மிகுதி. தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளும் சுற்றுவட்டாரத்தில் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளை தமிழில் இருபது சொல் மட்டும் பேசுகிறது என்று கணக்கெடுத்து நிறுத்திவிடக் கூடாது. வீட்டு மொழியில் உள்ள சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். "ரெண்டு மொழி பேசுறதாலதான் பேச்சு வரல, ஒண்ணை நிப்பாட்டுங்க" என்று அறிவுரை சொல்லிவிடும் மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரு மொழிச் சூழல் பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. பாட்டியின் மொழியைப் பறிப்பதால் பிள்ளையுடன் பேசுவோர் எண்ணிக்கைதான் குறையும்.

6. கேட்டல் சோதனையில் வரிசையை மாற்றாதீர்கள்

காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் கருவியை உங்கள் காதில் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒலி வருகிறதா, கம்பியை அசைத்தால் கரகரக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். அடுத்து, காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது. அழுக்கு அடைத்திருக்கும் காதில் அரை மணி நேரம் சோதனை செய்து வரைபடம் வரைவதில் பொருளில்லை. சீழ் வடியும் காதில் உள்செருகி வைப்பதோ தீங்கு. அதன் பிறகுதான் நடுச்செவிச் சோதனை, ஒரே அதிர்வெண் கொண்ட ஒலியைக் கேட்க வைக்கும் தூய தொனிச் சோதனை, சொற்களைக் கொண்டு செய்யும் சோதனை.

தூய தொனியில் நன்றாகக் கேட்கும் காதில், 1,000 ஹெர்ட்ஸில் தொடங்க வேண்டும். பிறகு 2,000, 4,000, 8,000, மீண்டும் 1,000, அதன்பின் 500, 250. நடுவில் தொடங்குவதற்குக் காரணம், அந்த ஒலியை அடையாளம் காண்பது பெரும்பாலோருக்கு எளிது. இரண்டாம் முறை 1,000க்குத் திரும்புவது, நோயாளி சோதனையைப் புரிந்துகொண்டாரா என்று சரிபார்க்க. கேட்டால் 10 டெசிபல் இறக்குங்கள், கேட்காவிட்டால் 5 ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடைவெளியில் பொத்தானை அழுத்தினால் நோயாளி தாளம் பிடித்துக்கொண்டு கேட்காததற்கும் கையைத் தூக்குவார். இடைவெளியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வலது காதுக்குச் சிவப்பு, வட்டம். இடது காதுக்கு நீலம், பெருக்கல் குறி. இதை யாரும் மறப்பதில்லை, செவிப்பொறியை (ஹெட்போனை) எந்தப் பக்கம் மாட்ட வேண்டும் என்பதைத்தான் மறக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் நானே ஒரு பெரியவருக்கு மாற்றி மாட்டி, நல்ல காதைக் கெட்ட காதாக வரைந்துவிட்டேன். "அய்யா, எந்தக் காதுல போனை வச்சுப் பேசுவீங்க?" என்று மேற்பார்வையாளர் கேட்ட ஒரே கேள்வியில் என் வரைபடம் கிழிந்தது. அன்றிலிருந்து அந்தக் கேள்வியைச் சோதனைக்கு முன்பே கேட்டுவிடுகிறேன்.

ஒரு காதில் கொடுக்கும் ஒலி மண்டையோட்டின் வழியே மறு காதுக்குப் போய்விடும் என்பதால்தான் மறு காதை இரைச்சலால் மறைக்கும் முறை இருக்கிறது. செவிப்பொறியில் இரு காதுகளுக்கும் இடையே ஏறக்குறைய 40 டெசிபலோ அதற்கு மேலோ வேறுபாடு வந்தாலோ, எலும்பு வழிக் கேட்டலுக்கும் காற்று வழிக் கேட்டலுக்கும் இடைவெளி தெரிந்தாலோ மறைக்காமல் முடிவு எழுதக் கூடாது. இது கணக்குப் போலத் தோன்றினாலும் கையால் செய்து பழகினால்தான் வரும். தோழர் ஒருவரை உட்கார வைத்து முப்பது முறையாவது செய்யுங்கள்.

மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியாகச் சோதனை செய்ய நான் பல்லாங்குழியைப் பயன்படுத்துகிறேன். ஒலி கேட்டால் குழியில் ஒரு புளியங்கொட்டை. கடையில் வாங்கிய பொம்மையைவிட இது பிள்ளைக்குப் பழகிய பொருளாக இருக்கும். ஆனால் கொட்டையை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது மூக்கிலோ வாயிலோ இருக்கக்கூடும். இன்னும் சிறிய குழந்தைகளுக்கு உட்செவி எதிரொலிச் சோதனையும், ஒலிக்குக் கேட்டல் நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின் எதிர்வினையை அளக்கும் பெரா சோதனையும்தான் வழி. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல்கட்டச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்ற அளவை மனத்தில் வைத்திருங்கள். தூளியில் தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் தட்டைத் தட்டிப் பார்த்து "கேக்குதுங்க" என்று குடும்பத்தார் சொல்வதைச் சோதனையாக ஏற்க முடியாது. தட்டின் அதிர்வைக்கூடக் குழந்தை உணர்ந்திருக்கலாம்.

7. குடும்பத்திடம் கேட்கும் வரிசை

வரலாற்றுப் படிவத்தில் உள்ள வரிசையிலேயே கேள்விகளைப் படித்துக்கொண்டு போவது புதியவரின் அடையாளம். முதலில் "என்ன கவலைன்னு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வசம்பு உரசி நாக்கில் தடவியது, அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார் என்று பெரியவர்கள் காத்திருக்கச் சொன்னது எல்லாம் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். கேலி செய்தால் அடுத்த முறை வரமாட்டார்கள். எத்தனை மாதம் காத்திருந்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறப்பு, மஞ்சள் காமாலை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்கள், வீட்டு மொழி, பகலில் பிள்ளை யாரிடம் இருக்கிறது, கைபேசி எவ்வளவு நேரம் என்று கேட்ட பின், கடைசியாகத்தான் உறவுத் திருமணம் பற்றிய கேள்வி. "சொந்தத்துலயா, அசல்லயா?" என்று இயல்பாகக் கேளுங்கள். பிறவிச் செவிட்டுத்தன்மையின் மரபுக் காரணங்களுள் பல, பெற்றோர் இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்தால் மட்டுமே வெளிப்படுபவை என்பதால் இந்தத் தகவல் தேவைப்படுகிறது. ஆனால் தாய்மாமனைக் கட்டிய பெண்ணிடம் மாமியார் முன்னிலையில் இதை முதல் கேள்வியாகக் கேட்டால், அது விசாரணையாக மாறிப் பழி ஒருவர் தலையில் விழுந்துவிடும்.

8. பயிற்சித் திட்டத்தை அளந்து எழுதுங்கள்

"பேச்சை மேம்படுத்துதல்" என்பது இலக்கு ஆகாது. "சொல்லின் முதலில் வரும் ககரத்தை, படத்தைப் பார்த்துச் சொல்லும்போது பத்துக்கு எட்டு முறை சரியாகச் சொல்லுதல்" என்று எழுதினால்தான் நான்கு வாரம் கழித்து முன்னேற்றம் இருக்கிறதா என்று சொல்ல முடியும். "கட்டு", "தட்டு", "கலை", "தலை" போன்ற இணைகளை நீங்களே தொகுத்து ஒரு நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கில இணைகளை மொழிபெயர்த்தால் வேலைக்கு ஆகாது.

பிள்ளையிடம் "இது என்ன? இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது பயிற்சி ஆகாது; அது தேர்வு. மாணவர்கள் பதற்றத்தில் இதைத்தான் செய்கிறார்கள். கேள்வி ஒன்று கேட்டால், கேட்காமல் நீங்களாகச் சொல்லும் வாக்கியம் நான்கேனும் இருக்கட்டும்.

பக்கவாதத்தால் பேச்சிழந்தவரிடம் குழந்தைகளின் பட அட்டையை நீட்டுவது இன்னொரு பிழை. உசிலம்பட்டியில் ஐம்பது ஆண்டு உழவு செய்தவருக்கு மண்வெட்டி, மாட்டுக் கயிறு, நாற்று ஆகியவற்றின் படம் வேண்டும். யானையும் பலூனும் எதற்கு? அவர் சொல்லை இழந்திருக்கிறார்; அறிவையும் மரியாதையையும் இழக்கவில்லை. "அய்யா" என்றே அழைக்க வேண்டும். அவர் பாதுகாப்பாக விழுங்குகிறாரா என்று மதிப்பிடும் முன் பரிவோடு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும்.

காது மிஷின் அணியும் பிள்ளை என்றால், பயிற்சி தொடங்கும் முன் மின்கலத்தைச் சோதித்து, ஆ, ஈ, ஊ, ஷ், ஸ், ம் ஆகிய ஆறு ஒலிகளையும் வாய் அசைவு தெரியாதபடி சொல்லி, கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். மதுரை வெயிலில் வியர்வை உள்ளே இறங்கிக் கருவி மந்தமாவது சாதாரணம். இரவில் ஈரம் உறிஞ்சும் பொதி உள்ள டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். தீர்ந்த மின்கலத்தைப் பிள்ளை விழுங்கிவிடாமல் அப்புறப்படுத்தச் சொல்வதும் உங்கள் கடமை.

9. மணிக்கணக்குப் பதிவேடு

கிளினிக்கில் பயிற்சி செய்த மணி நேரத்தைச் செய்த நாளிலேயே எழுதி, மேற்பார்வையாளரிடம் அன்றே கையெழுத்து வாங்குங்கள். பருவ முடிவில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால், மேற்பார்வையாளர் மாறிப்போயிருப்பார். எழுத்துத் தேர்வைப் பற்றித் தனியாகச் சொல்ல எதுவுமில்லை. கிளினிக்கில் பார்த்த ஒருவரோடு ஒவ்வொரு பாடத்தையும் இணைத்துப் படித்தவர் தடுமாறி நான் பார்த்ததில்லை.

10. உள்ளகப் பயிற்சியும் பதிவும்

நான்காம் ஆண்டில் நீங்கள் முதன்முறையாக மாற்றுத்திறன் சான்றிதழ் முகாம்களில் சோதனை செய்ய நேரிடலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இரு காதுகளிலும் 70 டெசிபல் கேட்டல் இழப்பு இருந்தால் செவிட்டுத்தன்மை, 60 முதல் 70 வரை என்றால் செவித்திறன் குறைவு. இந்த எண்களில் ஒரு குடும்பத்தின் உதவித்தொகை தங்கியிருப்பதால், கேட்டும் கேட்காததுபோல் இருப்பவர்களும் வருவார்கள். தூய தொனியின் சராசரியும் சொல் கேட்கும் அளவும் ஏறக்குறைய 10 டெசிபலுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சண்டை போடாமல் மீண்டும் விளக்கிச் சொல்லிச் சோதித்து, தேவைப்பட்டால் பெராவுக்கு அனுப்புங்கள்.

காக்ளியர் இம்பிளாண்ட் (அறுவை சிகிச்சை செய்து உட்செவியில் பொருத்தும் கேட்டல் கருவி) தேவைப்படும் சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டு. வயது வரம்பு இருப்பதால், அறிக்கையை நீங்கள் இரண்டு வாரம் தாமதித்தால் குழந்தைக்கு அது பெரிய இழப்பாகலாம்; ஆகவே அந்த அறிக்கைகளை மற்றவற்றுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். பயிற்சிக்காலம் முடிந்து கிளம்பும்போது, உங்களிடம் வந்துகொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் கைமாற்றுக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும். எந்தச் சொல் வரை வந்திருக்கிறது, எந்த விளையாட்டுக்குப் பிள்ளை மசியும், யார் அழைத்து வருகிறார் என்று எழுதினால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

பட்டம் முடிந்ததும் தற்காலிகச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், உள்ளகப் பயிற்சிச் சான்று ஆகியவற்றுடன் மறுவாழ்வு மன்றத்தின் மையப் பதிவேட்டில் இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ்களில் பெயரின் தலைப்பெழுத்து ஒரே மாதிரி இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்; பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லாவற்றிலும் இருக்கிறதா என்று நான்காம் ஆண்டின் தொடக்கத்திலேயே பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். பதிவை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் கல்விப் புள்ளிகள் தேவை என்பதால், கலந்துகொள்ளும் ஒவ்வொரு பயிலரங்கின் சான்றையும் முதல் ஆண்டிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். பதிவு எண் கைக்கு வருவதற்குள் அண்ணா நகரில் ஓர் அறை பிடித்துப் பெயர்ப்பலகை எழுதக் கொடுத்துவிட்ட ஒருவர், அதை இரண்டு மாதம் செய்தித்தாள் ஒட்டி மூடிவைத்திருந்தார். வாடகை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.